பதில் சொல்லாத சர்வர்

"ஏடிஎம்மில் பணம் வரல, கணக்குல மட்டும் கழிஞ்சிருக்கு" என்று வருகிறவர்களிடம் "சர்வர் டவுன் சார்" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஒன்று படுத்தால் வேலையை இன்னொன்றிடம் கொடுக்க வேண்டியதுதானே என்று அவர்கள் கேட்பது நியாயம்தான். பி.காம் படித்தவனுக்கு எட்டிய வரையில் அந்தக் கதை இது.

1974ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் டிரைபிக் டான்டம் கம்பெனியை ஆரம்பித்தார். முதல் கணினி 1976ல் சிட்டிபேங்குக்குப் போனது. பெயரே 'நான்ஸ்டாப்'. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு ஆள். முதல் ஆள் எதுவரை முடித்தேன் என்று இரண்டாமவருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்; அவர் விழுந்தால் இவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். லீவில் போகிற கேஷியர் சார்ஜ் கொடுப்பது மாதிரி, ஆனால் நிமிடத்துக்கு நிமிடம்! அங்கே வேலை பார்த்த ஜிம் கிரே 1985ல் கணக்கெடுத்தபோது, கணினி நின்றதற்கு வன்பொருள் காரணம் 18 சதவீதம்தான். நிர்வாகம், பராமரிப்பு என்று மனிதர்கள் பங்கு 42 சதவீதம். (எங்கள் ஆடிட்டர் இதைப் படிக்காமல் இருக்கட்டும்.)

கூகிளின் ஜெஃப்ரி டீனும் சஞ்சய் கெமாவத்தும் 2004ல் வேறு வழி சொன்னார்கள். மலிவான கணினிகள் ஆயிரக்கணக்கில். சில சாகத்தான் செய்யும். மேஸ்திரி மாதிரி ஒன்று மற்றவற்றை அவ்வப்போது கூப்பிடும். பதில் வராவிட்டால் அதன் வேலை வேறொன்றுக்குப் போகும். ஒரு டெராபைட் தகவலை வரிசைப்படுத்தும் சோதனையில், ஓடிக்கொண்டிருந்த 1,746 புரோகிராம்களில் 200ஐ நடுவில் கொன்றார்கள். 891 விநாடி வேலை 933 விநாடியில் முடிந்தது. அவ்வளவுதான் சேதம்.

அப்படியே வங்கிக்கும் செய்யலாமே? இங்கேதான் சிக்கல். பதில் வரவில்லை என்றால் வேலை நடக்கவே இல்லை என்றும் இருக்கலாம். நடந்து முடிந்து, சொல்வதற்குள் செத்தது என்றும் இருக்கலாம். வரிசைப்படுத்துவதை இரண்டு தடவை செய்தால் மின்சாரம்தான் நஷ்டம். பற்றை இரண்டு தடவை எழுதினால் ஒருவர் சம்பளம் காலி. அதனால்தான் ஏடிஎம் கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். சந்தேகம் வந்தால் மறுபடி பற்று எழுதாமல், எழுதியதைத் திருப்பும் செய்தி போகும். அந்தச் செய்தியும் வழியில் தொலைந்தால் பிறகு கணக்கு ஒத்துப்பார்க்கும்போதுதான் தெரியும்.

அதற்கான காலக்கெடுவை ரிசர்வ் வங்கி 2009ல் 12 வேலை நாளாகவும், 2011ல் 7 வேலை நாளாகவும் வைத்தது. 2019 சுற்றறிக்கையில் அது 5 நாள். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய், வாடிக்கையாளர் கேட்காமலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.