தஃரீஃப் என்னும் சொல் சென்ற வழி

தங்கும் விடுதியின் முகப்பில் அறை வாடகையை எழுதி மாட்டியிருக்கும் பலகைக்கு ‘டாரிஃப்’ என்று பெயர். மின்சாரம் யூனிட் ஒன்றுக்கு இவ்வளவு என்று அறிவிக்கும் பட்டியலுக்கும் அதே பெயர். துறைமுகத்தில் இறக்குமதிச் சரக்கின்மீது விதிக்கும் தீர்வையையும் அச்சொல்லாலேயே குறிக்கின்றனர். வாடகை, கட்டணம், தீர்வை ஆகிய மூன்றையும் ஒரு சொல் தாங்குவது எங்ஙனம்? விடை காண விழைவோர் ஆங்கிலத்தை விட்டு அரபு மொழிக்குத்தான் வரவேண்டும்.

‘ஐன், ரா, ஃபா’ என்னும் மூவெழுத்து வேர் அறிதலைக் குறிப்பது. மஃரிஃபத்து, உர்ஃபு, மஃரூஃப் எல்லாம் இவ்வேரில் கிளைத்தவையே. ‘அர்ரஃப’ என்றால் அறியச் செய்தான். அதன் தொழிற்பெயர் ‘தஃரீஃப்’. நஹ்வு ஓதியவர்க்கு இது பழகிய சொல். ‘கிதாப்’ என்றால் ஏதோ ஒரு நூல். முன்னே ‘அல்’ சேர்ந்தால் இன்ன நூல் என்று குறிப்பாகிவிடும். நகிராவை மஃரிஃபாவாக்கும் அந்த லாமுக்கு ‘லாமுத் தஃரீஃப்’ என்று இலக்கணிகள் பெயரிட்டனர். வணிகத்தில் இச்சொல் செய்யும் வேலையும் இதுவே. சாவடியில் ‘ஏதோ ஒரு தொகை’ என்றிருந்ததை அது ‘இன்ன தொகை’ என்றாக்குகிறது.

மத்தியதரைக் கடற்கரையில் அரபு வணிகரோடு கொண்டும் கொடுத்தும் வந்த இத்தாலியர் இதனைத் ‘தாரிஃபா’ என ஏற்றனர். கட்டணப் பட்டியல் என்பதே அவர்களிடம் அதன் பொருள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது ஆங்கிலத்தில் புகுந்தது. பட்டியலைக் குறித்த சொல், பிற்பாடு பட்டியலில் கண்ட தீர்வையையே குறிக்கலாயிற்று. துருக்கியிலோ படகு புறப்படும் நேர அட்டவணைக்கும் ‘தாரிஃபே’ என்று பெயர். பணமே இல்லாத இடத்திலும் அச்சொல் நிற்பதைக் கவனிக்க.

இதற்கு வேறொரு கதையும் உலவுகிறது. ஸ்பெயினின் தென்முனையில் தரீஃபா என்றோர் ஊர் உண்டு. கி.பி. 710இல் சிறு படையுடன் அங்கு இறங்கிய தரீஃப் இப்னு மாலிக்கின் பெயரால் வழங்குவது. அவ்வூர் முஸ்லிம்கள் கப்பல்களை மறித்துப் பணம் பறித்தனராம். அதனால் தீர்வைக்கு இப்பெயர் வந்ததாம்! நம்மவர் சிலரே இதைப் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். கொள்ளைக்காரப் பட்டத்தை மாலையென்று சூடிக்கொள்வது விந்தைதான். தரீஃபின் முதலெழுத்து வல்லோசைத் ‘தோ’. அப்பெயரில் ஐன் இல்லை. தஃரீஃபின் முதலெழுத்து மெல்லோசைத் ‘தே’. அதன் வேரே ஐனில் தொடங்குகிறது. ஐரோப்பியர் நாவில் ஐன் மறைந்ததும் இரண்டும் ஒன்றுபோல் ஒலித்தன. கதைக்கு அது போதுமானதாயிற்று.

ஆயினும் முஸ்லிம் துறைமுகங்களில் எல்லாம் நேர்மையே விளங்கியது என்று சொல்ல நாம் வரவில்லை. 1183இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர், அதே தரீஃபாவிலிருந்து கடல் கடந்து, பின் ஜெனோவா நாட்டார் கப்பலில் அலெக்சாந்திரியாவை அடைந்தார். அவர் மனம் நொந்து எழுதியது தரீஃபாவைப் பற்றியன்று. அலெக்சாந்திரியாவின் சுங்க அலுவலரைப் பற்றி. ஹாஜிகளின் மூட்டைகளைக் கலைத்தனர். இடுப்பில் கைவிட்டுத் தேடினர். வேறு ஏதும் இல்லையென்று சத்தியம் வாங்கினர். பொருள் கைக்கு வந்து ஓராண்டு நிறைந்ததா என்று கேளாமலே ஜகாத் வசூலித்தனர். சுல்தான் ஸலாஹுத்தீன் அறிந்தால் இது நடவாது என்று தம்மைத் தேற்றிக்கொள்கிறார் அப்பெரியார்.

இத்தனைக்கும், ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே இதற்கு நெறி இருந்தது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் வணிகச் சரக்கின்மீது முஸ்லிம்களிடம் நாற்பதில் ஒன்றும், திம்மிகளிடம் இருபதில் ஒன்றும், பிறநாட்டாரிடம் பத்தில் ஒன்றும் வாங்கச் செய்தார்கள் என்று இமாம் அபூ யூசுஃப் ‘கிதாபுல் கராஜ்’ நூலில் எழுதுகிறார். விகிதங்கள் சமமல்ல, ஆனால் மறைவானவையும் அல்ல. தஃக்லிப் குலத்துக் கிறிஸ்தவர் ஒருவர், தம் குதிரைக்கு ஒரே ஆண்டில் இருமுறை தீர்வை கேட்ட ஸியாத் இப்னு ஹுதைர் மீது முறையிட மக்காவுக்கே சென்றார். அவர் திரும்பி வருமுன்னரே, ஆண்டுக்கு ஒருமுறைதான் என்ற கலீஃபாவின் கடிதம் சாவடிக்கு வந்து சேர்ந்திருந்தது. பின்னாளில் உமர் இப்னு அப்துல் அஸீஸ் அவர்கள் ஒருபடி மேலே சென்று, வாங்கியதற்கு அடுத்த ஆண்டு வரை செல்லும்படி எழுத்துச் சீட்டுக் கொடுக்கப் பணித்ததை இமாம் மாலிக்கின் ‘முவத்தா’வில் காணலாம். பெயர் அப்போது வழங்கியதோ இல்லையோ, தஃரீஃபின் உயிர் அச்சீட்டில் இருக்கிறது.

இந்தியாவின் 1975ஆம் ஆண்டுச் சுங்கத் தீர்வைச் சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதியும் பட்டியலே. இன்ன சரக்கு, இன்ன விகிதம் என்று பக்கம் பக்கமாக நீளும். சொல்லின் பழம்பொருள் அங்கே அப்படியே நிற்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா, பெரும்பாலான இந்தியச் சரக்குகளின்மீது 7ஆம் நாள் 25 விழுக்காடும், 27ஆம் நாள் மேலும் 25 விழுக்காடும் கூடுதல் தீர்வை விதித்தது. அவற்றுள் நம் ஆம்பூர், வாணியம்பாடி மக்கள் பிழைக்கும் தோலும் காலணியும் அடங்கும். ஒரு மாதத்திற்குள் இருமுறை ஏறிய அவ்விகிதத்தை எந்த நஹ்வு ஆசிரியரும் நகிராவில்தான் சேர்ப்பார்.