முதுகுப் பூட்டின் வளர்ச்சி: பக் 110 மடக்குக் கத்தியை முன்வைத்து ஓர் ஆய்வு

மடக்குக் கத்தியின் பலவீனம் அதன் மடிப்பிலேயே இருக்கிறது. வேட்டையாடிய விலங்கின் மூட்டில் நுழைத்துத் திருகும்போது அலகு பின்னோக்கி மடங்கினால், வெட்டுப்படுவது கத்தியைப் பிடித்திருப்பவரின் விரல்தான். பிரான்சின் லகியோல் போன்ற மரபுக் கத்திகளில் அலகை விரிந்த நிலையில் நிறுத்துவது முதுகிலுள்ள வில்லின் அழுத்தம் ஒன்றே. அதை மீறிய விசை பட்டால் அலகு மடங்கிவிடும். இந்தக் குறைக்குக் கத்திக் கொல்லர்கள் கண்ட தீர்வுகளை ஒப்பிட்டு, அவற்றுள் முதுகுப் பூட்டு பெற்ற இடத்தை ஆராய்கிறது இக்கட்டுரை.

ஸ்பெயினின் அல்பசேத்தே நகரம் நவாஹா கத்திகளுக்குப் பெயர்பெற்றது. பல நவாஹாக்களில் அலகின் அடிப்பகுதியில் பற்கள் வெட்டியிருக்கும். விரிக்கும்போது முதுகு வில் ஒவ்வொரு பல்லாக ஏறி இறங்கிக் கடகடவென ஒலிக்கும். மூடுவதற்கு வில்லில் கோத்த வளையத்தை இழுத்துத் தூக்க வேண்டும். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் வேறொரு வழி பிறந்தது. ஜோசப் ஒப்பினெல் 1890இல் உருவாக்கிய எளிய மரப்பிடிக் கத்திக்கு, 1955இல் மார்செல் ஒப்பினெல் ஒரு சுழல் வளையத்தைச் சேர்த்தார். வளையத்தைத் திருகினால் அலகு மடங்கும் பிளவு அடைபட்டுவிடும். மலிவும் உறுதியும் ஒருங்கே அமைந்த ஏற்பாடு இது. ஆனால் திருக மறந்தவருக்குப் பூட்டே கிடையாது.

தானாகவே பூட்டிக்கொள்வது முதுகுப் பூட்டின் தனிச்சிறப்பு. பிடியின் முதுகில் ஓர் எஃகுச் சட்டம், நடுவில் அச்சாணி கோத்து, ஏற்றப்பலகை போல அமைந்திருக்கும். அதன் முன்முனையில் கொக்கி. அலகின் அடியில் அந்தக் கொக்கி விழுவதற்கென ஒரு வெட்டு. சட்டத்தின் பின்பாதியைக் கீழிருந்து ஒரு வில் உந்திக்கொண்டே இருப்பதால், அலகு முழுதும் விரிந்ததும் கொக்கி 'டக்'கென்று வெட்டுக்குள் இறங்கும். பின்முனையை அமுக்கினால் முன்முனை எழுந்து அலகை விடுவிக்கும். இந்த அமைப்பு 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த மடக்குக் கத்திகளில் காணப்படுகிறது. ஆகவே, முதுகுப் பூட்டைக் கண்டுபிடித்தது பக் நிறுவனம் என்று சிலர் எழுதுவது பிழை. அந்நிறுவனத்தின் சாதனை வேறு.

ஹாய்ட் பக் 1902இல் கான்சஸ் மாநிலத்தில் கொல்லுப்பட்டறைப் பையனாக இருந்தவர். எஃகுக் கருவிகளின் கூர் நீடிக்கும்படி தோய்ச்சல் கொடுக்கும் முறையை அங்கே தேடத் தொடங்கினார். 1947இல் மகன் அல் பக்குடன் சான் டியாகோவில் கத்தித் தொழிலை நிறுவினார். மடக்குக் கத்தி உறைக்கத்தியின் வேலையைச் செய்யாது என்றே அக்கால வேட்டைக்காரர் பலரும் கருதினர். 1964இல் விற்பனைக்கு வந்த 110 அந்த எண்ணத்தை மாற்றியது. 3¾ அங்குல அலகு, இரு முனைகளிலும் கனத்த பித்தளை, நடுவே கருங்காலிப் பலகை என அமைந்த இக்கத்தி ஏறத்தாழ 200 கிராம் எடை கொண்டது. சட்டைப்பைக்குக் கனம் அதிகம் என்பதால் இடுப்பு வாரில் தோலுறையோடு வந்தது. அந்தக் கனம்தான் பூட்டின் மீதான நம்பிக்கைக்கு அடிப்படை என்பது என் கணிப்பு. அச்சாணிகளை அசையாமல் தாங்க அந்தப் பித்தளை உடல் துணைசெய்தது.

பிற்காலப் பதிப்புகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் எஃகைப் பற்றியே பேசுகிறார்கள். தொடக்கப் பதிப்புகளில் இருந்தது 440சி. 1980களின் தொடக்கத்தில் 425எம் வந்தது. 1990களில் 420ஹெச்சி அதன் இடத்தைப் பிடித்தது. 440சி எஃகில் கார்பன் சுமார் 1 விழுக்காடு. 420ஹெச்சியில் அதில் பாதிதான். பழையதே உயர்ந்தது என்று சேகரிப்பாளர்கள் சொல்வதற்கு இது ஒரு காரணம். ஆனால் 420ஹெச்சி எளிதில் சாணை ஏறும். வெப்பப் பதம் சரியாக அமைந்தால் கூரும் போதிய அளவு நிற்கும். அன்றாடப் பயனுக்கு இந்த மாற்றத்தை இழப்பாகக் கருத எனக்கு நியாயம் தெரியவில்லை.

நான் முதன்மையாகக் கருதுவது பூட்டின் விடுவிப்பு அமைந்த இடம். 110இல் அது பிடியின் கடைக்கோடியில் உள்ளது. விடுவிப்பை நடுமுதுகுக்குக் கொண்டுவந்த கத்திகளில், இறுக்கிப் பிடிக்கும் உள்ளங்கை தவறுதலாகச் சட்டத்தை அமுக்கிவிடக்கூடும். கத்தி வடிவமைப்பாளர் டேவிட் போய் சட்டத்தின் பின்பகுதியில் பிறைபோல ஒரு குழிவு வெட்டி இதைத் தவிர்த்தார். ஆண்ட்ரூ டெம்கோ, அலகுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு குறுக்கு முளையை நிறுத்தி, விசையை அது தாங்கும்படி செய்தார். இவை பூட்டில் உண்மையாக நிகழ்ந்த வளர்ச்சிகள். நைலான் பிடியுடன் பாதிக்கும் குறைவான எடையில் பின்னர் வந்த 110 எல்டி பதிப்பிலும் விடுவிப்பு அதே கடைக்கோடியில்தான் இருக்கிறது.

பிரிட்டனில் இந்தப் பூட்டுக்கு வேறொரு வரலாறு அமைந்தது. 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், 3 அங்குலத்துக்கு மேற்படாத அலகு கொண்ட மடக்குக் கத்தியைப் பொது இடத்தில் வைத்திருக்க விலக்கு அளித்தது. விரிந்த நிலையில் பூட்டிக்கொள்ளும் கத்தி அந்த விலக்குக்குள் வராது என்று ஹாரிஸ் வழக்கில் நீதிமன்றம் முடிவுசெய்தது. பூட்டிய கத்தி நிலையான அலகுள்ள கத்தியைப் போலாகிவிடுகிறது என்பது அதன் தர்க்கம். சட்டத்தின் சொற்களுக்கு அது பொருந்தலாம். பயன்படுத்துவோரின் விரலைக் காக்கவே உருவான ஒரு பூட்டின் வரலாற்றுக்கு அது பொருந்தவில்லை.