கியர் சைக்கிள்: கேலியும் தடையும் ஒரு சின்னத் திருகும்

கியர் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். டிக்... டிக்... டிக்... செயின் இருக்கிற பல்சக்கரத்தில் நிற்கவும் மாட்டேன் என்கிறது, அடுத்ததற்கு ஏறவும் மாட்டேன் என்கிறது. கடைக்குப் போனால் இரண்டு நிமிடத்தில் சரி செய்து கொடுத்துவிடுவார்கள். கவனித்துப் பார்த்தால், பெரும்பாலும் அவர்கள் செய்வது கேபிள் முனையில் இருக்கும் ஒரு சின்னத் திருகைக் கால் சுற்றோ அரைச் சுற்றோ திருப்புவதுதான்.

இந்தத் திருகு நம் கைக்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆனது என்றால் நம்புவீர்களா? அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் கியர் எதற்கு? ஒரே பல்சக்கரம் வைத்த சைக்கிளில் மேம்பாலம் ஏறியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். சமதளத்தில் சுகமாக ஓடும் அதே சைக்கிள் ஏற்றத்தில் காலைப் பிடித்து இழுக்கும். பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு மாறினால் மிதி எளிதாகும், வேகம் குறையும். அவ்வளவுதான் தத்துவம்.

இதற்காக வாழ்நாள் முழுவதும் வாதாடியவர் பிரான்ஸின் செயின்ட் எட்டியென் நகரத்துக்காரர், பால் டி விவி (1853-1930). அடிப்படையில் பட்டு வியாபாரி. (நம்ம காமர்ஸ் ஆள்தான்!) சைக்கிள் பித்துப் பிடித்து, 1887-ல் ஒரு சைக்கிள் பத்திரிகையே ஆரம்பித்தார். 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதினார். ஊரைச் சுற்றி மலை. ஆரம்பத்தில் கியர் மாற்ற வேண்டுமென்றால் சைக்கிளை விட்டு இறங்கி, செயினைக் கையால் தூக்கி அடுத்த பல்சக்கரத்தில் மாட்ட வேண்டும். அவரும் அவரைச் சுற்றியிருந்த சுற்றுலா சைக்கிள்காரர்களும் விதவிதமான கியர்களைப் பொருத்தி, மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்து, நிறைகுறைகளைப் பத்திரிகையில் எழுதினார்கள்.

இவர்கள் யாரும் தொழில்முறைப் பந்தய வீரர்கள் அல்ல. ஞாயிற்றுக்கிழமை மலை ஏறுகிற சாதாரண ஆட்கள். பந்தயக்காரர்களின் பக்கம் என்ன நடந்தது தெரியுமா? தடை!

1903-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்சுக்குக் கியர் என்றாலே ஆகாது. வயதானவர்களுக்கு வேண்டுமானால் அது சரி, பந்தயத்தில் ஜெயிக்க வேண்டியது தசை, இயந்திரம் அல்ல என்பது அவர் கட்சி. அதனால் வீரர்கள் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பல்சக்கரம் வைத்துக்கொண்டார்கள். மலை வந்ததும் இறங்கி, நட்டைக் கழற்றி, சக்கரத்தைத் திருப்பி மாட்டிவிட்டு மறுபடி ஏறினார்கள். ஆல்ப்ஸ் மலையில், குளிரில் விரல் விறைத்த நிலையில் இதைச் செய்வதை நினைத்துப் பாருங்கள். ஓட்டிக்கொண்டே செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளும் கருவியை, அதாவது டீரெயிலரை, அந்தப் பந்தயத்தில் அனுமதித்தது 1937-ல்தான். அந்த வருடம் ஜெயித்தவர் ரோஜே லாபெபி.

அதுவரை டீரெயிலர் வளர்ந்தது பெரும்பாலும் அமெச்சூர்களின் கையில். பெரிய மேடை கதவைச் சாத்தியபோது அதை உயிரோடு வைத்திருந்தவர்கள் இவர்கள்தான்.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. நாட்டிங்காமில் 1903-ல் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் விற்பனைக்கு வந்தது. பல்சக்கரங்கள் எல்லாம் பின்சக்கரத்தின் நடுவே, ஹப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும். 1936-ல் வந்த ஏ.டபிள்யூ. என்ற மாடல் மிகவும் பிரபலம். இரண்டாவது கியர் நேரடி ஓட்டம், மூன்றாவது அதைவிட 33 சதவீதம் கூடுதல், முதலாவது 25 சதவீதம் குறைவு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, சரிபார்க்கும் முறை. அச்சின் நட்டில் பக்கவாட்டில் ஒரு ஓட்டை இருக்கும். கியரை இரண்டில் வைத்துவிட்டு அதன் வழியாக எட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் கம்பியின் தோள்பட்டை அச்சின் முனையோடு சமமாக நின்றால் சரி. இல்லையென்றால் கேபிள் திருகைத் திருப்ப வேண்டும். அளவுகோல் வேண்டாம், கடைக்காரர் வேண்டாம், கண் இருந்தால் போதும். அதைச் செய்யாமல் விட்டால் விளையாட்டல்ல. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எதிலும் பிடிக்காத ஒரு இடம் உண்டு. எழுந்து நின்று மிதிக்கும்போது கியர் அங்கே நழுவினால், மிதி சட்டென்று வெறுமையாகி, ஆள் பாரின் மேல் விழ வேண்டியதுதான்.

டீரெயிலருக்கு இப்படி ஓர் எளிய அளவு வெகுநாள் கிடைக்கவில்லை. பழைய லீவர்களில் 'கிளிக்' கிடையாது. ஓட்டுபவரே காதால் கேட்டு, விரலால் உணர்ந்து, செயின் அமைதியாகும் வரை நகர்த்த வேண்டும். வயலினில் மெட்டுகள் இல்லாததால் வாசிப்பவரே ஸ்வரத்தின் இடத்தைப் பிடிக்க வேண்டுமல்லவா, அதுபோல. பழகியவர்களுக்கு அழகு, புதியவர்களுக்குத் தொல்லை.

வீணையைப் போல மெட்டு வைத்துக் கொடுத்தது ஜப்பான். 1964-ல் சன்டூர் பிராண்டை நடத்திய மாயேதா நிறுவனம், டீரெயிலரின் இணைகரச் சட்டத்தைச் சாய்வாக அமைத்தது. சின்னதிலிருந்து பெரிய பல்சக்கரம் வரை எங்கே போனாலும் இடைவெளி அதிகம் மாறாமல் இருந்ததால் மாற்றம் துல்லியமானது. அந்தக் காப்புரிமை 1984-ல் முடிந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் ஷிமானோ தன் டுரா ஏஸ் வரிசையில் எஸ்.ஐ.எஸ். என்ற கிளிக் முறையைக் கொண்டுவந்தது. ஒரு கிளிக், ஒரு கியர்.

இங்கே வியாபாரப் பாடமும் இருக்கிறது. கிளிக் முறை சரியாக வேலை செய்ய லீவர், கேபிள், டீரெயிலர், செயின், பல்சக்கரம் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். எனவே தனிப் பாகமாக அல்லாமல் ஒரு செட்டாகவே விற்க முடிந்தது. நல்ல பாகம் வைத்திருந்த மாயேதா 1990களில் சந்தையிலிருந்தே மறைந்தது, முழு செட் வைத்திருந்த ஷிமானோ நிலைத்தது.

நமக்கு என்ன மிச்சம்? விரலில் இருந்த திறமை லீவருக்குள் போய்விட்டது. ஆனால் கேபிள் காலப்போக்கில் தளரும். தளர்ந்தால் கிளிக்குகள் இடம் மாறிவிடும். மெட்டு சரியாக இருந்தும் தந்தி தளர்ந்த வீணை மாதிரி. அதைச் சரிசெய்யத்தான் அந்தத் திருகு.

வீட்டில் செய்வது கஷ்டமே இல்லை. பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். டீரெயிலரில் எச், எல் என்று இரண்டு சின்ன ஸ்க்ரூக்கள் இருக்கும். அவை எல்லைக்கற்கள். எச், செயின் சின்னப் பல்சக்கரத்தைத் தாண்டி வெளியே விழாமல் காக்கும். எல், டீரெயிலர் சக்கரக் கம்பிகளுக்குள் நுழையாமல் காக்கும். எல்லைகள் சரியாக இருந்தால் அவற்றைத் தொடாதீர்கள். கிளிக் செய்தும் செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் கேபிள் தளர்ச்சி, திருகை வெளிப்பக்கமாகக் கால் சுற்று. இறங்கத் தயங்கினால் உள்பக்கமாகக் கால் சுற்று. திருப்பு, மிதி, கேள். சத்தம் அடங்கினால் முடிந்தது. அடங்காவிட்டால் கேபிளில் துருவோ, டீரெயிலர் தொங்கும் காது வளைந்திருப்பதோ காரணமாக இருக்கலாம். அப்போது கடைக்குப் போகலாம், தப்பில்லை.

2009-ல் ஷிமானோ மோட்டாரில் இயங்கும் டீரெயிலரையும் கொண்டுவந்தது. அதில் கேபிளும் இல்லை, கேபிள் திருகும் இல்லை. பட்டனை அழுத்தித்தான் சரிசெய்ய வேண்டும், பேட்டரி தீர்ந்தால் கியர் மாறாது. அருமையான கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் கியரை வளர்த்தவர்கள் கைகளில் கிரீஸோடு மலையேறிய சாதாரண ஆட்கள் என்பது மறந்துபோகக் கூடாது. உங்கள் சைக்கிளில் கேபிள் இருக்கிற வரைக்கும் அந்தக் கால் சுற்றுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.