பொது நூலகர் தகுதிச் சான்று (தமிழ்நாடு)

பொது நூலகங்களில் நூலகராகப் பணியில் சேர்வதற்குப் பெற்றிருக்க வேண்டிய நூலகவியல் படிப்பும் சான்றும். மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பதுபோன்ற பதிவு மன்றம் இந்தியாவில் நூலகருக்கு இல்லை. பல்கலைக்கழகமோ அரசோ வழங்கும் சான்றிதழே தகுதியாகக் கொள்ளப்படுகிறது.

தோற்றம்: பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் அமெரிக்காவிலிருந்து வரவழைத்த டபிள்யூ. ஏ. போர்டன், 1911இல் அங்கு நூலகப் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். 1915இல் லாகூரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆசா டான் டிக்கின்சன் வகுப்பு நடத்தினார். எனினும் பயிற்சி பெறாதவரிடம் நூலகத்தை ஒப்படைக்கலாகாது என்ற கொள்கை வேரூன்றியது சென்னையில்தான்.

அதற்குக் காரணமானவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகவியலை முறையாகக் கற்க இங்கிலாந்து சென்று, பெர்விக் சேயர்ஸிடம் பகுப்புமுறை பயின்றார். அந்நாட்டில் நூலகச் சங்கம் 1885 முதலே தேர்வு நடத்திவந்தது. நூலகப் பணி தனித் தொழில் என்பதை ரங்கநாதன் அங்கேதான் நேரில் கண்டார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாக முன்னின்றார். அச்சங்கம் 1929இல் தொடங்கிய கோடைப் பயிற்சியை 1931இல் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. 1937இல் அது ஓராண்டுப் பட்டயப் படிப்பாக உயர்ந்தது. நூல் பகுப்பு, பட்டியலாக்கம், நூல் தேர்வு, வாசகருக்கு வழிகாட்டல் ஆகியவை அன்று முதல் பாடத்தின் அடிப்படையாக விளங்குகின்றன. 1933இல் ரங்கநாதன் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை தமிழ்நாட்டு மாணவர்க்கு நெடுங்காலம் முதன்மைப் பாடமாக இருந்தது. பொது நூலக அலமாரியில் டூயி தசமப் பகுப்பையே பெரிதும் காணும் இன்றைய மாணவருக்கும் கோலன் முறை அளிக்கும் சிந்தனைப் பயிற்சி இன்றியமையாதது.

சட்டமும் விதிகளும்: விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. சொத்து வரியோடு நூலக வரியும், மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழுவும் இதன்வழி வந்தன. நூலகரின் கல்வித் தகுதி பின்னர்ப் பணி விதிகளில் வகுக்கப்பட்டது. பணத்துக்குச் சட்டம் அளித்த உறுதியைப் பணியாளர் தகுதிக்கும் அளித்திருக்க வேண்டும்.

இன்றைய நிலை: ஊர்ப்புற நூலகர், மூன்றாம் நிலை நூலகர் பணிகளுக்குப் பள்ளிக் கல்வியோடு நூலகவியல் சான்றிதழ்ப் படிப்பும், மேல்நிலைப் பணிகளுக்கு நூலகவியல் பட்டமும் கோரப்படுகின்றன. மாவட்ட நூலக அலுவலர் பணிக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 2010 முதல் சான்று பெறும் பொது நூலகர், அச்சான்றைப் புதுப்பிக்க ஐந்தாண்டுக்கு ஒருமுறை 60 மணி நேரத் தொழிற்பயிற்சியைக் காட்ட வேண்டும். தமிழ்நாட்டிலோ ஒருமுறை பெற்ற சான்று ஓய்வுபெறும் வரை செல்லும்.