நியூவெல் குடும்பத்தின் 1812ஆம் ஆண்டு

யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசனின் வரலாற்றை 1816ஆம் ஆண்டிலிருந்து தொடங்குதல் வழக்கம். அதற்கு முற்பட்டதோர் ஆண்டும் ஓர் இளங்குடும்பமும் அவ்வரலாற்றுடன் தொடர்புற்றமை ஈண்டு நோக்கத்தக்கது.

1812 பெப்ரவரி 9இல் சாமுவேல் நியூவெல்லை மணந்தபோது ஹரியற்றுக்கு வயது 18. பத்து நாள் கழித்து இருவரும் சேலம் துறைமுகத்திற் (தமிழகத்துச் சேலமன்று, மசாசூசெற்ஸ் மாநிலத்தது) கப்பலேறினர். யூன் மாதம் கல்கத்தாவை அடைந்த அவர்கள் அங்குத் தங்கக் கிழக்கிந்தியக் கம்பனி இடமளிக்கவில்லை. சமயப் பிரசாரம் சுதேசிகளைக் கிளர்ச்சியுறச் செய்து தன் வணிகத்துக்கும் ஆட்சிக்கும் ஊறு விளைக்கும் எனக் கம்பனி அஞ்சியது. ஓகஸ்ற்றில் அவர்கள் மொரீசியசு நோக்கிப் புறப்பட்டனர். ஹரியற் அப்போது கருவுற்றிருந்தார். நீர்க்கசிவுற்ற கப்பலிற் பயணம் மாதக்கணக்கில் நீண்டது. ஒக்ரோபரில் நடுக்கடலிற் பிறந்த பெண்குழந்தை சில நாட்களில் இறந்தது. நவம்பர் 30இல், போட் லூயி நகரில், ஹரியற்றும் காசநோயால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 19.

அவர் எந்நாட்டிலும் பணி தொடங்கினாரல்லர். எனினும் அவருடைய நாட்குறிப்பும் கடிதங்களும் 1814இல் நூலாகியபோது அமெரிக்கப் பெண்கள் பலர் அவரை முன்மாதிரியாகக் கொண்டனர். செய்த பணியினும் செய்யவியலாது போன பணியே அவருக்குப் புகழீட்டியது எனலாம்.

தனித்த சாமுவேல் 1813இல் இலங்கைக்கு வந்தார். இலங்கை கம்பனியின் ஆட்சியிலன்றி முடியின் நேராட்சியில் இருந்தமையால் இங்கு அவருக்குத் தடை எழவில்லை. யாழ்ப்பாணத்தைப் பார்வையிட்ட அவர், மிசன் பணிக்கு அதனைப் பரிந்துரைத்தார். 1816இல் அமெரிக்கர் தெல்லிப்பழையிலும் பின்னர் வட்டுக்கோட்டையிலும் குடியமர்ந்தபோது அவர் இங்கில்லை; 1814இலேயே பம்பாய் சென்றுவிட்ட அவர், 1821இல் வாந்திபேதியால் இறந்தார்.