பாம்பன் - தனுஷ்கோடி தொடர்வண்டிப் பாதை

பாம்பன் - தனுஷ்கோடி தொடர்வண்டிப் பாதை என்பது தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில், இராமேசுவரம் தீவில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இயங்கிய மீட்டர் அகல இருப்புப் பாதை ஆகும். சென்னை எழும்பூரிலிருந்து கொழும்பு வரை செல்லும் பயணத்தில் இந்திய நிலப்பகுதியின் கடைசித் துண்டாக இது இருந்தது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயலில் இப்பாதையும் தனுஷ்கோடி நகரமும் அழிந்தன. பாம்பன் பாலம் விரைவிலேயே சீரமைக்கப்பட்டது. ஆனால் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பாதை மறுபடி அமைக்கப்படவில்லை. மணலில் எஞ்சியுள்ள அதன் தடயங்களையும் அதில் ஓடிய வண்டிகளைப் பற்றிய ஆவணங்களையும் தொடர்வண்டி ஆர்வலர்கள் தேடித் தொகுத்து வருகின்றனர்.

பாதை அமைந்த பின்னணி

1914-க்கு முன்னர் சென்னையிலிருந்து இலங்கை செல்வோர் தொடர்வண்டியில் தூத்துக்குடி வரை சென்று, அங்கிருந்து கப்பலில் கொழும்பை அடைந்தனர். கடற்பயணம் நீண்டதாக இருந்தது. தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே உள்ள கடல் தொலைவு சுமார் 35 கி.மீ. மட்டுமே என்பதால் இவ்வழி விரும்பப்பட்டது. இராமர் அணையின் மணல் திட்டுகள் மீதே பாதை அமைத்து இரு நாடுகளையும் நேரடியாக இணைக்கும் திட்டமும் ஆராயப்பட்டது. செலவு மிகுதியாக இருந்ததால் அது கைவிடப்பட்டு, பாம்பன் கால்வாய்க்கு மட்டும் பாலம் கட்டி மீதிக் கடலைக் கப்பலில் கடப்பதென முடிவாயிற்று.

மதுரையிலிருந்து மண்டபம் வரையிலான பாதை 1902-ல் திறக்கப்பட்டது. பாம்பன் பாலத்தின் பணிகள் 1911-ல் தொடங்கின. ஏறத்தாழ 2 கி.மீ. நீளமும் 145 கண்களும் கொண்ட அப்பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. கப்பல்கள் செல்வதற்காக நடுவில் அமைந்த தூக்குப் பகுதியை அமெரிக்கப் பொறியாளர் செர்சரின் பெயரால் அழைப்பர். அதன் இரு இறக்கைகளையும் தொழிலாளர்கள் கையால் நெம்புகோல்களைச் சுழற்றியே திறந்தனர்.

பாம்பன் அக்காலத்தில் ஒரு சந்திப்பு நிலையம். இராமேசுவரத்துக்குச் செல்லும் பாதை இங்கிருந்து பிரிந்த ஒரு கிளை. தனுஷ்கோடிக்குச் சென்றதே முதன்மைப் பாதை. அது இராமேசுவரம் நகரைத் தொடாமல் தீவின் தென்பகுதி வழியாகச் சென்றது. இன்று இராமேசுவரம் செல்லும் பயணி பழைய கிளைப் பாதையின் தடத்திலேயே செல்கிறார் என்பது பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி. பழைய நிலப்படங்களைப் படிக்கத் தொடங்குவோர் முதலில் குழம்புவதும் இங்கேதான்.

போட் மெயில்

எழும்பூரிலிருந்து மாலையில் புறப்பட்டுத் தனுஷ்கோடி வந்து சேர்ந்த விரைவு வண்டியே போட் மெயில் என்று அறியப்பட்டது. இந்தோ-சிலோன் விரைவு வண்டி என்ற பெயரும் வழங்கியது. தென்னிந்திய ரயில்வே நிறுவனம் இதனை இயக்கியது. முதலில் மதுரை வழியாகச் சென்ற பயணம், திருச்சிராப்பள்ளி - புதுக்கோட்டை - மானாமதுரைப் பாதை 1930-ல் நிறைவடைந்த பின் சுருங்கியது.

தனுஷ்கோடி இறங்குதுறையில் வண்டியிலிருந்து இறங்கிய பயணிகள் நீராவிக் கப்பலில் ஏறித் தலைமன்னாரை அடைவர். அங்கே இலங்கை வண்டி காத்திருக்கும். சென்னையிலேயே கொழும்பு வரைக்குமான பயணச்சீட்டை வாங்க முடிந்தது. தொடக்கத்தில் கர்சன், எல்ஜின், ஹார்டிங் ஆகிய கப்பல்கள் ஓடின. இர்வின், கோஷன் ஆகியவை பின்னர் வந்தன. இவை அனைத்தும் வைசிராய்கள் அல்லது ஆளுநர்களின் பெயர்கள்.

பொறியியல் நோக்கில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. தனுஷ்கோடியில் முடிந்தது 1000 மி.மீ. அகலமுள்ள மீட்டர் பாதை. தலைமன்னாரில் தொடங்கியதோ 1676 மி.மீ. அகலப் பாதை. ஆகவே இராமர் அணை மீது பாலம் கட்டியிருந்தாலும் எழும்பூர்ப் பெட்டி கொழும்புக்குச் சென்றிருக்க முடியாது. பாம்பன் பாலம் 2007-ல் அகலப் பாதையாக மாற்றப்பட்ட பிறகே கடலின் இரு கரைகளிலும் ஒரே அகலம் ஏற்பட்டது. அப்போது அவற்றை இணைக்கக் கப்பலும் இல்லை, தனுஷ்கோடிப் பாதையும் இல்லை.

இவ்வழியே சென்றவர்களில் பெரும்பாலோர் உல்லாசப் பயணிகள் அல்லர். இலங்கையின் தேயிலை, இரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களே இப்பாதையின் உயிர்நாடி. நோய்த் தடுப்புக் கருதி அவர்கள் மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் தங்கவைக்கப்பட்டுப் பரிசோதனைக்குப் பின்னரே அனுப்பப்பட்டனர். 'மண்டபம் கேம்ப்' என்ற நிலையப் பெயர் அந்த முகாமின் நினைவாக எஞ்சியுள்ளது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவர்களின் முன்னோர் சென்ற அதே பாதை, ஒப்பந்தம் கையெழுத்தாகி எட்டு வாரங்களுக்குள் கடலில் மூழ்கியது. பின்னர்த் திரும்பி வந்தோர் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்தில் இறங்கி, மீண்டும் மண்டபம் முகாமையே அடைந்தனர்.

1964 புயல்

1964 டிசம்பர் நடுவில் தெற்கு அந்தமான் கடலில் உருவான தாழ்வு மண்டலம் வலுத்து, 22-ஆம் நாள் இலங்கையின் வவுனியாப் பகுதியைக் கடந்து பாக்கு நீரிணைக்குள் நுழைந்தது. அன்றிரவு தனுஷ்கோடியைப் பேரலைகள் தாக்கின. ஒட்டுமொத்த உயிரிழப்பு 1,800-க்கு மேல் எனக் கூறப்படுகிறது.

அன்றிரவு 11.55 மணிக்குப் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653 எண் பயணிகள் வண்டி, தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கிய நிலையில் அலையால் அடித்துச் செல்லப்பட்டது. ஆறு பெட்டிகளில் 110 பயணிகளும் 5 ஊழியர்களும் இருந்தனர் என்பது அறிவிக்கப்பட்ட எண்ணிக்கை. எவரும் பிழைக்கவில்லை. பயணச்சீட்டில்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை 200-ஐ நெருங்கும் என்ற கருத்தும் உண்டு. தொடர்புகள் அனைத்தும் அறுந்துபோனதால் விபத்து பற்றிய அதிகாரபூர்வ அறிவிப்பு டிசம்பர் 25 அன்றே, மண்டபம் கடற்துறை அதிகாரியின் அறிக்கையின் அடிப்படையில் வெளியாயிற்று.

இந்நிகழ்வு குறித்து இரு செய்திகளை எச்சரிக்கையுடன் அணுக வேண்டும். முதலாவது, மூழ்கியது போட் மெயில் என்று பல கட்டுரைகளில் காணப்படுவது. அது தவறு. மூழ்கியது பாம்பனுக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே மட்டும் ஓடிய சாதாரணப் பயணிகள் வண்டி. போட் மெயில் என்ற பெயர் புகழ்பெற்றது என்பதால் அது இதன்மேல் ஏறிக்கொண்டது. இதன் விளைவாக, இறந்தவர்கள் கொழும்பு செல்லவிருந்த தொலைதூரப் பயணிகள் என்ற எண்ணமும் பரவிவிட்டது. உண்மையில் தீவுக்குள் பயணம் செய்யும் உள்ளூர் வண்டி அது. இரண்டாவது, கைகாட்டி விழாததால் ஓட்டுநர் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார் என்றும், பின்னர் நீண்ட ஊதல் எழுப்பிவிட்டுத் துணிந்து வண்டியை எடுத்தார் என்றும் சொல்லப்படும் கதை. வண்டியில் இருந்த எவரும் உயிர் தப்பவில்லை எனும்போது, ஓட்டுநரின் மனத்தில் ஓடியதை விவரிக்கும் பகுதிகள் பிற்கால ஊகமாகவே இருக்க முடியும். இறந்துபோன ஊழியர் ஒருவர்மீது பழிசுமத்தக்கூடிய செய்தி இது என்பதால் ஆய்வாளர்கள் இதை உறுதியான செய்தியாக எழுதுவதைத் தவிர்ப்பது நல்லது.

பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 120-க்கும் மேற்பட்டவற்றின் இரும்பு உத்திரங்கள் கடலில் விழுந்தன. தூக்குப் பகுதி தப்பியது. ஆறு மாதங்கள் ஆகும் என மதிப்பிடப்பட்ட சீரமைப்பு, பொறியாளர் ஈ. ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாட்களில் முடிக்கப்பட்டது. புதிய உத்திரங்களுக்குக் காத்திராமல், விழுந்தவற்றையே மீனவர்களின் உதவியோடு கடலில் தேடி எடுத்துப் பொருத்தியது இவ்விரைவுக்கு முக்கியக் காரணம். தனுஷ்கோடியை வாழத் தகுதியற்ற இடமாக அரசு அறிவித்தது. இராமேசுவரமே கடைசி நிலையமாயிற்று. அங்கிருந்து தலைமன்னாருக்கான கப்பல் 1980-களின் முற்பகுதி வரை ஓடியது.

எச்சங்களும் அவற்றைத் தேடுவோரும்

தனுஷ்கோடியில் நிலைய இடிபாடுகள், தண்ணீர்த் தொட்டி நின்ற கட்டுமானம், தேவாலயம், அஞ்சலகம் ஆகியவற்றின் சுவர்கள் எஞ்சியுள்ளன. தேவாலயமே உயரமாக நிற்பதால் பலரும் அதன் முன் நின்று 'பழைய ரயில் நிலையம்' எனப் படமெடுத்துச் செல்வது வழக்கம். அவ்விதம் தவறான பெயருடன் பரவிய படங்கள் ஏராளம். ஒரு படத்தைச் சான்றாகக் கொள்ளுமுன் அது எந்தக் கட்டடம் எனத் தள இருப்பிடத்தோடு ஒப்பிடுவது ஆர்வலர்கள் கற்றுக்கொண்ட முதல் பாடம்.

இருப்புப் பாதையின் தடத்தைக் கண்டறிவது இதைவிடக் கடினம். தீவின் இந்த முனை, வடக்கே பாக்கு நீரிணைக்கும் தெற்கே மன்னார் வளைகுடாவுக்கும் நடுவிலுள்ள குறுகிய மணல் நாக்கு. உள்ளூர் மக்கள் வடக்கிலுள்ளதைப் பெண்கடல் என்றும் தெற்கிலுள்ளதை ஆண்கடல் என்றும் அழைப்பர். தென்மேற்குப் பருவக்காற்றில் ஆண்கடலும் வடகிழக்குப் பருவக்காற்றில் பெண்கடலும் கொந்தளிக்க, மணல் மாறி மாறிக் குவிகிறது. ஓராண்டு வெளியே தெரியும் தண்டவாளத் துண்டு மறு ஆண்டு தெரிவதில்லை. எனவே ஒரு முறை சென்று 'எதுவும் இல்லை' என எழுதுவது செல்லாது. நாளும் பருவமும் குறிப்பிடப்படாத களக்குறிப்புக்கு மதிப்புக் குறைவு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது கடல் உள்வாங்கியதால், மூழ்கிய கட்டடப் பகுதிகள் சற்று நேரம் வெளித்தெரிந்ததாகவும் செய்திகள் வந்தன.

நிலத்தில் கிடைக்காததைத் தாளில் தேடுவது மற்றொரு வழி. பழைய அளவைப் படங்களில் பாதையின் கோடு உள்ளது. அதனைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்திப் பார்க்கும்போது ஓர் எளிய விதி உதவுகிறது: வண்டிப் பாதை சட்டென்று திரும்பாது. வண்டித் தடமோ நடைபாதையோ மேட்டைக் கண்டால் வளைந்துவிடும். இருப்புப் பாதை நீண்ட நேர்கோடாகவோ மிக மெதுவான வளைவாகவோ செல்லும். மணலுக்கிடையே கருங்கல் சல்லி கிடந்தால் அது ஐயத்தை மேலும் குறைக்கும், ஏனெனில் அம்மணல் முனையில் கருங்கல் இயற்கையாகக் கிடைப்பதில்லை. ஆயினும் சாலைப் பணிக்காகவும் கல் கொண்டுவரப்பட்டிருப்பதால், சல்லி மட்டுமே போதிய சான்றாகாது.

வண்டிகளைப் பற்றிய ஆய்வுக்குக் கால அட்டவணைகளே முதன்மை ஆவணங்கள். வண்டி எண், புறப்படும் நேரம், கப்பலுக்காக விடப்பட்ட இடைவெளி ஆகியவை அவற்றில் உள்ளன. கெட்டி அட்டையில் அச்சிட்ட பழைய பயணச்சீட்டுகள் எந்த நிலையத்திலிருந்து எதற்குச் சீட்டு வழங்கப்பட்டது என்பதைக் காட்டுகின்றன. இவற்றுடன் ஓய்வுபெற்ற ஊழியர்களின் நினைவுகளும் சேர்கின்றன. 1964-ல் பணியில் சேர்ந்த இளைஞருக்கே இன்று எண்பது வயது கடந்திருக்கும். ஆகவே ஆவணங்களைக் காட்டிலும் விரைந்து மறைவது இவ்வாய்மொழிச் சான்றுதான். தனுஷ்கோடியில் குடிநீரும் மின்சாரமும் குறைந்த நிலையில் தொடர்ந்து வாழ்ந்து வந்த மீனவக் குடும்பங்களின் மூத்தோர் கூறும் இடப்பெயர்கள் பல, எந்த அளவைப் படத்திலும் இல்லை.

மறுகரையில் தலைமன்னார் இறங்குதுறையின் இரும்புத் தூண்களும் ஆர்வலர்களின் கவனத்துக்குரியவை. அங்கு செல்லும் பாதை போரின் காரணமாக 1990-ல் நின்றுபோய், மறுசீரமைக்கப்பட்டு 2015 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது.

பிற்கால நிலை

நெடுங்காலம் இடிபாடுகளுக்குச் செல்ல மணலிலும் நீரிலும் ஓடும் வேன்களே துணை. 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டபின் வருகையாளர் பெருகினர். சுவர்களில் பெயர் கீறுவதும் கற்களைப் பெயர்த்துச் செல்வதும் அதனுடன் வந்த தீமைகள். இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு 17.2 கி.மீ. நீளத்தில் புதிய அகலப் பாதை அமைக்க 2019 மார்ச் 1 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. சுற்றுச்சூழல் காரணங்களைக் காட்டி மாநில அரசு ஏற்காததால் அத்திட்டம் முன்னேறவில்லை. 2025-ல் தனுஷ்கோடிப் பகுதி பெரும் பூநாரைகளுக்கான காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

1914-ஆம் ஆண்டுப் பாம்பன் பாலத்தில் போக்குவரத்து 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. செங்குத்தாக உயரும் பகுதி கொண்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. கப்பல் எதனோடும் தொடர்பில்லாவிட்டாலும், சென்னையிலிருந்து இராமேசுவரம் செல்லும் இரவு வண்டிக்குப் போட் மெயில் என்ற பெயர் நிலைத்துவிட்டது.