தமிழன் ஏடுகளைக் காத்தவர்

பட்டாவோ பத்திரமோ இல்லாத நம் குடும்பங்கள் பாட்டனுக்கு அப்பால் ஒரு பெயரைத் தேடினால் எங்கே போவது? ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன்தான் திருக்குறள் ஏட்டை எல்லிஸிடம் சேர்ப்பித்தவர் என்று அயோத்திதாசர் எழுதிவைத்தார். பதிப்பு வரலாறு எழுதியவர்கள் நெடுங்காலம் அந்தப் பெயரைத் தொடவில்லை. 1907இல் அவர் தொடங்கிய 'தமிழன்' இதழின் பழைய பிரதிகளை வீட்டில் வைத்துக் காத்தவர் அன்பு பொன்னோவியம். காத்ததோடு நிற்கவில்லை, கேட்டவருக்குக் கொடுத்தார். ஏடு சேர்ப்பவர்களிடம் அரிதான குணம் இது! ஞான. அலாய்சியஸுக்கு அவர் கொடுத்த இதழ்களே 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளாக வெளிவர ஆதாரமாயின. இன்று நம் மாணவர்கள் ஆய்வேடுகளில் கந்தப்பனை எழுதுகிறார்கள். நன்றியுரையில் பொன்னோவியத்தையும் எழுதுங்கள் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.